ஸ்டீயரிங் ஆயில் கறுத்துவிட்டால் ரேக்கையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: 2010 மாடல் இன்னோவா. ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முனகுகிறது, ஆயிலும் கறுத்திருக்கிறது. பம்ப், ரேக் இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஆயிலை மட்டும் வீட்டிலேயே மாற்றிப் பார்க்கலாமா?

தாராளமாக. ஸ்டீயரிங் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான பாகம்தான் ரேக். அதன் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறையை (பூட்) அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் போய்விட்டது, மெக்கானிக் சொல்வது நியாயம். காய்ந்திருந்தால் ரேக்குக்கு இப்போது அவசரமில்லை. கடைசி வரை ஒடிக்கும்போது மட்டும் வரும் லேசான சத்தம், அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறப்பது. அதைக் காட்டியே பம்ப்பைத் தலையில் கட்டுபவர்கள் உண்டு.

உங்கள் வண்டிக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). சிவப்பாக இருக்கும். 2 லிட்டர் சீல் பிரிக்காத டப்பாவாக வாங்குங்கள். டிரம்மிலிருந்து ஊற்றித் தரும் லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயிலைத் தவறி ஊற்றினால் சீல்கள் ஊதிப்போகும். அப்புறம் நிஜமாகவே ரேக் வாங்க வேண்டியதுதான்.

மெடிக்கல் ஷாப்பில் 50 மி.லி. சிரிஞ்ச் வாங்கி, முனையில் ஒரு அடி ட்யூப் மாட்டிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆறியபின் வண்டியில் உள்ள ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுங்கள். அடியில் வண்டல் இருந்தால் நூல் பிரியாத துணியால் துடையுங்கள். புது ஆயிலை 'கோல்டு' கோடு வரை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, இடமும் வலமும் ஐந்தாறு முறை முழுதாக ஒடியுங்கள். கடைசியில் ஐந்து வினாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், பம்ப் சூடேறும். நிறுத்தி, மறுபடி உறிஞ்சி, புது ஆயில் ஊற்றி, இதையே ஐந்து தடவை செய்யுங்கள். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு மாறினாலும், ஐந்து தடவையில் 85 சதவீதத்துக்கு மேல் புது ஆயில். இதற்கு எதற்குப் பழைய ஆயிலை வெளியேற்றும் ஃப்ளஷ் மெஷின்? டப்பா மட்டும் ஒருபோதும் காலியாக இருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இதைப் படிக்கும் ஹோண்டாக்காரர்கள் கவனிக்க. ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) ஸ்டீயரிங் உள்ள ஹோண்டாவில் ஏடிஎஃப் ஊற்றாதீர்கள். அதற்கென்று தனி ஆயில் இருக்கிறது. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார் கடைக்காரர். ஒன்றல்ல. அந்தச் சீல்களுக்கு ஏடிஎஃப் ஒத்துக்கொள்ளாது, கசியத் தொடங்கும். வண்டியின் ஸ்டீயரிங் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

பல சர்வீஸ் அட்டவணைகளில் இந்த ஆயிலுக்கு 'பரிசோதிக்கவும்' என்ற ஒரு வார்த்தைதான். பரிசோதிப்பவர் மூடியைக்கூடத் திறப்பதில்லை. 80,000 கி.மீ.க்கு ஒருமுறை நீங்களே மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்தபின் ஆயில் நுரைத்து, பால் கலந்ததுபோல் தெரிந்தால் உள்ளே காற்று. இன்ஜினை நிறுத்தி அரை மணி நேரம் விட்டு, மறுபடி மெதுவாக ஒடியுங்கள். மறுநாள் காலை அளவு பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே போனால் ஹோஸ் இணைப்புகளைப் பாருங்கள்.