குளிர்காலமே இல்லாத இடத்தில் வசந்தத்தின் அறிகுறிகளைக் காண முடியுமா?

பனியும் குளிரும் இல்லாத நாட்டில் வசந்தத்தை எதைக் கொண்டு அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். பூக்களைத் தூண்டும் காரணம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை அறிந்துகொண்டால் விடை எளிது.

குளிர்நாடுகளில் துலிப் கிழங்குகள் ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் குளிரில் கிடந்த பின்னரே நன்கு பூக்கும். ஆப்பிள், செர்ரி மரங்களின் மொட்டுகளுக்கும் அத்தகைய குளிர் ஓய்வு தேவை என்பதால்தான், வெப்பம் கூடியவுடன் அவை ஒரே மூச்சில் மலர்கின்றன. வெப்பமண்டலத்திலோ பல மரங்களுக்கு வறட்சியே அழைப்பு. முருக்கு எனப்படும் புரச மரமும் கல்யாண முருங்கையும் இலைகளை உதிர்த்துவிட்டுப் பூப்பதால், மறைப்பதற்கு இலையில்லாத செம்மலர்கள் தேன் தேடும் பறவைகளுக்குத் தொலைவிலிருந்தே தெரிகின்றன. என் கண்ணுக்கு இது செர்ரி மலர்ச்சிக்குச் சிறிதும் குறைந்த அழகன்று. தென் அமெரிக்காவின் அட்டகாமா போன்ற பாலைவனங்களில் விதைகள் மழைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பூமியின் தென் அரைக்கோளத்தில் வசந்தம் செப்டம்பரில்தான் தொடங்குகிறது.

ஆகவே நாட்காட்டியை விட்டுவிட்டு, அருகிலுள்ள ஒரே மரத்தைத் தேர்ந்து, முதல் மொட்டு, முதல் மலர், தளிர் ஆகியவற்றின் தேதிகளை ஆண்டுதோறும் குறித்து வாருங்கள். ஜப்பானின் கியோட்டோ நகரத்துச் செர்ரி மலர்ச்சிக் குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைப்பதால்தான், 2021இல் மார்ச் 26 அன்று நிகழ்ந்த முழுமலர்ச்சி மிக முன்கூட்டியது என்று சொல்ல முடிந்தது.