மௌனப் படம் பார்க்க இத்தாலிக்கா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பழைய படங்கள் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பித்து. அப்பா வாங்கி வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பட சிடிக்களில் தொடங்கியது. இப்போது 1910கள், 1920களின் மௌனப் படங்களில் வந்து நிற்கிறது. யூடியூபில் கிடைப்பதை எல்லாம் ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறேன். இத்தாலியில் போர்தெனோனே என்ற ஊரில் ஒவ்வொரு அக்டோபரிலும் மௌனப் படங்களுக்காகவே ஒரு விழா நடப்பதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஒரு தடவையாவது போய்வர வேண்டும் என்று பணம் சேர்த்து வருகிறேன். “போனில் சும்மா கிடைக்கிற படத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?” என்று மனைவி கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, நான் ஆய்வாளன் இல்லை, வங்கி ஊழியன். அறிஞர்கள் கூடும் இடத்தில் எனக்கு என்ன வேலை என்ற கூச்சமும் இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கூச்சத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த விழா எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அது தானாகப் போய்விடும்.

1976 மே 6 இரவு, வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் பெரிய நிலநடுக்கம். ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள். மலையடிவாரத்தில் இருந்த ஜெமோனா என்ற பழைய ஊர் தரைமட்டமானது. வீடிழந்த சனங்கள் கூடாரங்களில் தங்கியிருந்தபோது, ஜெனோவாவிலிருந்து ஒரு படச் சேகரிப்பாளர் தன்னிடமிருந்த சுருள்களை எடுத்துக்கொண்டு அங்கே போய், மௌன காலத்து நகைச்சுவைப் படங்களைத் திரையிட்டார். அவரோடு சேர்ந்துகொண்ட உள்ளூர் சினிமா ரசிகர்கள் அடுத்த வருடமே ஜெமோனாவில் ஒரு படக் காப்பகத்தைத் தொடங்கிவிட்டார்கள். 1982இல் அவர்களும் பக்கத்துப் போர்தெனோனேவின் திரைப்படக் கழகத்தாரும் சேர்ந்து, பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் மாக்ஸ் லிந்தரின் படங்களைச் சில நாட்கள் போட்டுக் காட்டினார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இன்று உலகின் பெரிய படக் காப்பகங்கள் எல்லாம் ஆளனுப்பும் விழாவாக அது வளர்ந்திருக்கிறது. ரசிகர்கள் நட்டது அது. பேராசிரியர்கள் பிறகுதான் வந்தார்கள். நீங்கள் அங்கே அந்நியராக இருக்க மாட்டீர்கள்.

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். யூடியூபில் பார்க்கும் பல மௌனப் படங்களில் ஆட்கள் விறுவிறுவென்று ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16, 18, 20 சட்டகம் (ஃபிரேம்) என்று படத்துக்குப் படம், சில சமயம் ஒரே படத்துக்குள் காட்சிக்குக் காட்சி வேகம் மாறும். பேசும் படம் வந்த பிறகு 24 சட்டகம் என்று நிலைத்துவிட்டது. பழைய படத்தை அந்த வேகத்தில் ஓட்டினால் சாவு வீட்டுக் காட்சிகூடச் சிரிப்பாகத்தான் தெரியும். நம்மில் பாதிப் பேர் மௌனப் படம் என்றாலே கோமாளித்தனம் என்று நினைப்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். நிறமும் அப்படித்தான். அன்று தியேட்டரில் ஓடிய பிரதிகளில் பெரும்பகுதி சாயம் ஏற்றப்பட்டவை. இரவுக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள், தீ விபத்துக்குச் சிவப்பு. எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருள்களிலிருந்து பிற்காலத்தில் பிரதி எடுத்தவர்கள் கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டதால் அந்த நிறங்கள் நம் கண்ணுக்கு வராமலே போயின. போர்தெனோனேவில் படத்துக்குரிய வேகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார்கள். சாயத்தோடு மீட்கப்பட்ட பிரதிகள் அங்கே கிடைக்கின்றன.

அப்புறம் இசை. விழா நடக்கும் வெர்தி அரங்கில் ஒவ்வொரு படத்துக்கும் ஆள் உட்கார்ந்து நேரடியாக வாசிக்கிறார்கள். ஸ்டீஃபன் ஹார்ன் என்பவர் ஒரு கையால் பியானோ வாசித்துக்கொண்டே மறு கையில் புல்லாங்குழல் ஊதுவார். திரையில் ஒருத்தி கடிதத்தைப் பிரிக்கிறாள் என்றால் அவள் முகம் மாறுவதற்காக அவர் காத்திருப்பார். முகம் மாறிய பிறகுதான் அடுத்த சுரம் வரும். அந்தக் காத்திருப்பை முன்கூட்டிப் பதிந்து ஒட்டிய இசையில் நான் கேட்டதில்லை. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்: போனில் கிடைப்பது சும்மாதான், ஆனால் அது பாதிப் படம்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சினிமா வரலாறு அந்த அரங்கில்தான் பலமுறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. 1989 அக்டோபரில், பெர்லின் சுவர் விழுவதற்குச் சில வாரங்கள் முன்பு, புரட்சிக்கு முந்தைய ரஷ்யப் படங்களை அங்கே வரிசையாகத் திரையிட்டார்கள். அதுவரை ரஷ்ய மௌன சினிமா என்றால் உலகத்துக்கு, புரட்சிக்குப் பிறகு வந்த இயக்குநர்களான ஐசென்ஸ்டைனும் புடோவ்கினும்தான். யெவ்கெனி பௌவர் என்ற இயக்குநர் 1913 முதல் 1917இல் தான் இறக்கும்வரை எடுத்த படங்கள் சோவியத் காலத்தில் பெட்டிக்குள் கிடந்தன. ஒளியை, திரைச்சீலைகளை, அறையின் ஆழத்தை அவர் கையாண்ட விதத்தை அந்த வாரம் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். இன்று அவரை விட்டுவிட்டு அந்தக் காலத்து சினிமாவைப் பற்றி யாரும் எழுத முடியாது.

அமெரிக்க இயக்குநர் ஓர்சன் வெல்ஸ் 1938இல் ஒரு நாடகத்துக்கு இடையிடையே காட்டுவதற்காக எடுத்த படம் ஒன்று உண்டு. நாடகத்தோடு அதைக் காட்டவே முடியவில்லை. அவரிடமிருந்த பிரதி மாட்ரிட் வீட்டில் நடந்த தீ விபத்தில் போனது. அத்தோடு படமே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் இன்னொரு பிரதி போர்தெனோனேவிலேயே ஒரு கிடங்கில் இருந்து கிடைத்தது! மீட்டெடுத்து 2013 அக்டோபரில் அந்த ஊரிலேயே முதன்முதலாகத் திரையிட்டார்கள்.

1994இல் நம் நாட்டு மௌனப் படங்களுக்கு அங்கே தனிப் பிரிவு ஒதுக்கினார்கள். அதையொட்டி, புனேயில் உள்ள நம் தேசியத் திரைப்படக் காப்பகத்தோடு சேர்ந்து 1912 முதல் 1934 வரையிலான இந்திய மௌன சினிமா பற்றி ஒரு நூலும் வந்தது. இந்தியாவில் ஆயிரத்துக்கும் அதிகமான மௌனப் படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன, மிஞ்சியது சொற்பம். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ ஒரு சுருள்கூட இல்லாமல் போய்விட்டது. நாகர்கோவில்காரரான சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) பிழைத்துக்கொண்டது, அதுவும் ஒரு வழக்கின் புண்ணியத்தில். படத்துக்கு மூலமான நாவலின் உரிமை தங்களிடம் இருப்பதாகப் பதிப்பகத்தார் நீதிமன்றம் போக, படம் வெளிவந்த வேகத்தில் முடங்கியது. தியேட்டர் தியேட்டராக ஓடித் தேயாமல் கிடந்த அந்தச் சுருள்கள் 1974இல், புனே காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர் முயற்சியால் அங்கே போய்ச் சேர்ந்தன. நம் பக்கத்து மௌனப் படம் ஒன்று எப்படி இருந்தது என்று நாம் கண்ணால் பார்க்க முடிவது அதனால்தான்.

உங்களைப் போன்ற ஆட்களுக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே. அமெரிக்காவில் கல்பெப்பர் என்ற ஊரில் உள்ள நாடாளுமன்ற நூலகத்தின் படக் காப்பகம், பெயர் தெரியாத மௌனப் படத் துண்டுகளைத் திரையிட்டு அடையாளம் காணும் கூட்டங்களை நடத்தியிருக்கிறது. படம் ஓடும்போதே பார்ப்பவர்கள் சத்தமாகச் சொல்லலாம். ஒருவர் கார் எந்த வருடத்து மாடல் என்பார், இன்னொருவர் பின்னால் தெரியும் கடைப் பலகையைப் படிப்பார், வேறொருவர் ஒரு துணை நடிகரின் மீசையை வைத்துப் படக் கம்பெனியைப் பிடித்துவிடுவார். அப்படிப் பெயர் கிடைத்த படங்கள் நிறைய. ராத்திரி ராத்திரியாகப் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது வரும்.

செலவு பற்றி ஒரு யோசனை. பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். கொரோனா வருடமான 2020இல் விழா முழுக்க இணையத்தில் நடந்தது. அதன் பிறகும் விழா நாட்களில் சில படங்களைக் குறைந்த கட்டணத்தில் இணையத்தில் தருகிறார்கள். இந்த அக்டோபரிலேயே அதில் சேர்ந்துவிடுங்கள். முடிந்தால் டிவியில் போட்டு, விளக்கை அணைத்து, இருவருமாகப் பாருங்கள். நேரில் போகிறபோது வெனிஸில் இறங்குங்கள். மெஸ்த்ரே நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். காலையிலிருந்து நள்ளிரவு வரை படம் ஓடும், எல்லாவற்றையும் பார்க்கப் பேராசைப்படாதீர்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். ஒரு மாலை அவரை வெர்தி அரங்கில் உட்கார வைத்துவிட்டு, செலவைப் பற்றி மறுபடி பேசிக்கொள்ளலாம்.