பாண்டியில் வாங்கிய பழைய கார், மூணே வாரத்தில் ஓவர்ஹீட்: ‘உள்ளது உள்ளபடி’ கையெழுத்தைக் காட்டுகிறார் டீலர்

கடலூரில் இருக்கும் நீங்க பாண்டி டீலர் மேல எங்கே வழக்குப் போடுவதுன்னு கேட்டீங்க. கடலூரிலேயே போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-படி நீங்க வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். பாண்டிக்கு அலைய வேண்டாம். டீலர் தெரிந்தே மறைத்த பழுதுக்கு, ‘இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கிறேன்’னு நீங்க போட்ட அந்தக் கையெழுத்து கவசமாகாது.

கூலன்ட் குறைஞ்சு வெள்ளைப் புகையும் வருதுன்னா பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் சீல்) போயிருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பிளாக் டெஸ்ட் கேளுங்க: பெட்ரோல் வண்டியில் நீலத் திரவம் மஞ்சளானா, எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்குது. ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்குங்க. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து பழைய சர்வீஸ் பதிவையும் கேளுங்க. அதே பழுது அதில் இருந்தா பாதி வழக்கு முடிஞ்ச மாதிரி.

அடுத்து டீலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதியுங்க.

அதுவரை யாரும் எஞ்சினைப் பிரிக்கக்கூடாது. பிரிச்சா, ‘உங்க மெக்கானிக்தான் கெடுத்தார்’ம்பார் டீலர். கிளட்ச், டயர் தேய்மானத்தைப் புகாரில் சேர்க்காதீங்க, நிக்காது. வழக்குப் போட காலவரம்பு 2 வருஷம். கொடுத்த விலை 5 லட்சம் வரைன்னா வழக்குக் கட்டணம் கிடையாது.