உனக்குச் சம்மதமா?

வணக்கம். என் நண்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மனைவி, தம்பி இருவருக்கும் பொருந்தவில்லை. அவன் படத்தோடு ‘ஓ பாசிட்டிவ் கிட்னி தேவை, தக்க சன்மானம் தரப்படும்’ என்று வாட்ஸப்பில் போட்டேன். உறவினர் ஒருவர் ‘இது பிச்சை’ என்று திட்டினார். நான் செய்தது தவறா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிச்சை என்றவரை விடுங்கள். உயிருக்காகக் கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் அந்தச் ‘சன்மானத்தை’ முதலில் அழித்துவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். உறுப்புக்குப் பணம் தருவதாக விளம்பரம் செய்வதே 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். 2011 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டு சிறை. சிறை கிடக்கட்டும், அந்த வார்த்தையைப் பார்த்து உங்களுக்குப் போன் செய்யப்போவது யார்? சிறுநீரகம் விற்றவர்கள் அதிகம் என்பதால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வந்த ஊர் நம்முடையது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் வெளியானது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு அப்போதும் கடன் தீரவில்லை. இதெல்லாம் தெரியாமல் போட்டேன் என்று சொல்லாதீர்கள், உங்களுக்கு வயது வந்துவிட்டது.

இறந்தவர் தானமாகத் தரும் உறுப்பைப் பெற நண்பர் பெயரைப் பதிவு செய்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் அத்தை நினைவாகவே இருக்கிறது. சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் தேவைப்பட்டபோது அத்தையுடையது பொருந்தியது. சேதி வந்த அன்று மத்தியானம் பாட்டி அவளை உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறினாள். அதுவரை அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அத்தைதான். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பெரியப்பா ஆபரேஷனுக்கு நாள் பார்த்தார். பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள்: “உனக்குச் சம்மதமான்னு ஒருத்தர் கேட்டிருந்தா, சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லையேடா.”

முன்பின் தெரியாதவர் உங்கள் செய்தியைத் தள்ளிவிட்டுப் போகலாம், யாரும் அவரைக் குற்றம் சொல்லப்போவதில்லை. கூடத்தில் சுற்றி உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களைத் தாண்டி ஒரு பெண் எப்படிப் போவாள்? உயிரோடு இருக்கும்போதே உறுப்பு கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம், வாங்கிக்கொள்பவர்களில் ஆண்கள். பாசம் என்று ஒரே வார்த்தையில் இதை மூடிவிடுகிறோம். எனக்குக் கோபம்தான் வருகிறது.

கொடுக்க மனமில்லை என்று தனியாகச் சொன்னால், காரணத்தை வெளியே விடாமல் ‘பொருந்தவில்லை’ என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

வேண்டுகோளைத் திருத்தி எழுதிப் போடுங்கள். நண்பரின் படமும் ரத்த வகையும் போதும், குழந்தைகள் படம் வேண்டாம். அப்புறம், அவர் மனைவிக்குப் பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதனால் பொருந்தவில்லை என்று அந்த வீட்டில் யாரும் துருவ வேண்டாம். நீங்களும்தான்.