சத்தாகப் போட்டால் ஆண் குஞ்சா?

கேள்வி: மொட்டை மாடியில் தினமும் அரிசியும் கம்பும் போடுகிறேன், சிட்டுக்குருவி கூடு கட்டிவிட்டது. வெளிநாட்டில் தீனி போட்டே அழியும் பறவைகளைப் பெருக்கினார்களாமே, நிஜமா? புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரிப் பறவைகளுக்கும் நாம் ஏதாவது போடலாமா?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நிஜம்தான், ஆனால் சும்மா அள்ளிப் போட்டு நடந்ததில்லை. நியூசிலாந்தில் காக்காப்போ என்று பறக்கத் தெரியாத ஒரு கிளி இருக்கிறது, 1995-இல் மிஞ்சியது 51 தான். ரிமு மரம் நன்றாகக் காய்க்கும் வருடத்தில்தான் அது முட்டையிடும், அந்த மரமோ இரண்டு முதல் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் அப்படிக் காய்க்கும். சரி, நாமே தீனி கொடுப்போம் என்று கொடுத்தார்கள். பெட்டைகள் கொழுத்தன, பொரிந்த குஞ்சுகளில் பெரும்பாலும் சேவல்! பெட்டைக்குப் பஞ்சமான இனத்தில் இது வினைதானே? கொழுத்த தாய்க்கு ஆண் குஞ்சுதான் லாபம், ஏனென்றால் வாட்டசாட்டமான ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். அப்புறம் கணக்கை மாற்றினார்கள். பெட்டையை எடை போட்டு, இணை சேரும்வரை ஒன்றரை கிலோவைத் தாண்டாமல் அளந்து கொடுத்து, முட்டையிட்ட பிறகே தாராளமாகக் கொடுத்தார்கள். 2002-இல் தேறிய 24 குஞ்சில் 15 பெட்டை. 2022-இல் மொத்தம் 252 பறவைகள். தீனியை விட அதைக் கொடுத்த நேரம்தான் வேலை செய்தது என்பேன்.

ஊசுட்டேரிக்கு வேண்டாம். அங்கே மீனும் நத்தையும் நீர்ச்செடியும் தின்கிற பறவைகளுக்கு உங்கள் பொரியும் பிரெட்டும் எதற்கு? ஏரியில் தண்ணீரும் கரையில் மரமும் இருந்தால் மீதியை அவையே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் குருவிக்கு வருவோம். அது அழியும் பட்டியலில் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் பெரிய குருவி கம்பு தின்னும், பொரிந்த புதிதில் குஞ்சுக்கு அது ஆகாது, புழுபூச்சிதான் வேண்டும். தாய்க்குருவி அலகில் பச்சைப்புழுவோடு வருகிறதா என்று காலையில் பாருங்கள். தொட்டியில் அவரையோ கீரையோ இருந்தால் அசுவினிப் பூச்சி வந்தாலும் மருந்தடிக்காதீர்கள், குஞ்சுக்கு அதுதான் சோறு. மிக்சர், உப்புப் போட்ட மிச்சம் எதுவும் வேண்டாம். கம்பு வைக்கிற தட்டைத் தினமும் கழுவிக் காயவையுங்கள், எச்சம் படிந்த தட்டில்தான் ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு நோய் தொற்றும்.