துல்லியத்தைக் கற்றுக்கொள்ள முடியுமா? – கடிதம்

அன்புள்ள சார்,

பிறவித் திறமை பற்றிப் போன மாதம் எழுதிய குறிப்பில் அமெரிக்கக் கால்பந்தில் பஃபலோ பில்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ‘பந்தை நேராகப் போடத் தெரியாது என்று ஒதுக்கப்பட்டவர்’ என்று. நான் பஃபலோவுக்குப் பக்கத்து ரோச்செஸ்டரில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பவர்கூட பில்ஸ் சட்டைதான் போட்டிருப்பார். ஆரம்பத்தில் எனக்கு இந்த ஆட்டம் ஒன்றுமே புரியவில்லை. இப்போது வீட்டில் அதிகம் கத்துவது நான்தான்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. பள்ளி அணியில் பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஆக ஆசை. கையில் பலம் இருக்கிறது, ஆனால் பந்து கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போகிறது. பயிற்சியாளர், ‘பலத்தை வளர்க்கலாம், துல்லியத்தை வளர்க்க முடியாது’ என்று சொல்லி அவனை வேறு இடத்துக்கு மாற்றப் பார்க்கிறார். இவன் ஆலனைக் காட்டிச் சண்டை போடுகிறான். ஆலன் விதியா, விதிவிலக்கா? அப்புறம், அன்று அவரைச் சந்தேகப்பட்டவர்கள் எல்லாரும் முட்டாள்களா?

எஸ்., ரோச்செஸ்டர்

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த முட்டாள்கள் பட்டியலில் நானும் உண்டு.

2018 டிசம்பர் 2. மயாமி டால்ஃபின்ஸுடன் ஆட்டம். அப்போது நான் ஒரு வேலையாக வந்து நியூ ஜெர்சியில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். டால்ஃபின்ஸ் 21, பில்ஸ் 17. கடைசி நேரம், நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, இதை விட்டால் ஆட்டம் போச்சு. ஆலன் துரத்துபவர்களிடமிருந்து நழுவிப் பின்னால் ஓடி, நிமிர்ந்து பார்க்கிறார். பந்தைப் பிடித்தால் புள்ளி கிடைக்கும் எண்ட் ஸோனில் பில்ஸின் சார்ல்ஸ் க்ளே தன்னந்தனியாக நிற்கிறார். பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. ஆலன் வீசினார். பந்து கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிட்டது. க்ளே பாய்ந்து விழுந்தும் பிடிக்க முடியவில்லை. அன்றைக்கு அதே ஆலன் காலால் ஓடியே 135 யார்டு எடுத்திருந்தார். “ஓடத் தெரிகிறது, போடத் தெரியவில்லை. இவன் தேறமாட்டான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். நண்பர் அதை மறக்கவே இல்லை. ஜனவரி மாதம் பிளே ஆஃப் (பருவ முடிவில் வரும் நாக்-அவுட் சுற்று) வந்தால் என் வசனத்தை எனக்கே வாட்ஸப்பில் அனுப்பிவைக்கிறார்.

ஆனால் ஆதாரம் இல்லாமல் யாரும் சந்தேகப்படவில்லை. வீசிய நூறு பந்தில் எத்தனை பிடிபட்டது என்பதுதான் இந்த ஆட்டத்தில் துல்லியத்துக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஆலன் முழுதாக ஆடிய இரண்டு பருவங்களில் அது 56.0, 56.3. கல்லூரியில் அறுபதைத் தொடாதவர், இன்னும் வேகமான, இன்னும் கெட்டிக்காரத் தடுப்பாளர்கள் இருக்கும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லில் எப்படித் தொடுவார்? இந்தக் கேள்வியைக் கேட்டவர்களிடம் பழைய உதாரணங்களும் இருந்தன. 2003இல், அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், பால்டிமோர் ரேவன்ஸ் முதல் சுற்றில் எடுத்த கைல் போலருக்குக் கை பீரங்கி, ஆனால் கல்லூரிக் கணக்கு ஐம்பதுக்கும் கீழே. 2011இல் டென்னஸி டைட்டன்ஸ் எட்டாவது இடத்தில் எடுத்த ஜேக் லாக்கரும் அதே வகைதான். 2015இல், முப்பது வயதுகூட ஆகாமல், ஆட்டத்தை விட்டே போய்விட்டார். ‘துல்லியம் சொல்லிக்கொடுத்து வராது’ என்ற நம்பிக்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை, இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து வந்தது.

இத்தனைக்கும் பஃபலோ அவருக்காக விலை கொடுத்தது. 2018 டிராஃப்டில் தன்னுடைய 12ஆம் இடத்தோடு இரண்டாம் சுற்றின் இரண்டு இடங்களையும் டாம்பா பேவுக்குக் கொடுத்து, 7ஆம் இடத்துக்கு ஏறி ஆலனை எடுத்தார்கள். அவருக்கு முன்னால் பேக்கர் மேஃபீல்டும் சாம் டார்னால்டும் போயிருந்தார்கள். முதல் பருவத்தில் ஆலனின் கணக்கு 52.8. லீக்கின் சராசரி அப்போது சுமார் 65. டச்டவுன் பாஸ், அதாவது எண்ட் ஸோனில் முடிந்து புள்ளி தந்த வீச்சு, பத்து. எதிராளி கையில் கொடுத்தது (இன்டர்செப்ஷன்) பன்னிரண்டு. சந்தேகப்பட்டவர்கள் ‘சொன்னோமா இல்லையா’ என்றார்கள். சொன்னார்கள்தான்.

அவர்கள் எண்ணைச் சரியாகத்தான் படித்தார்கள். அந்த எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஒரு வீச்சு எப்படி நடக்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுக்கிறார். அந்த நொடியிலிருந்து குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை, மூன்று நொடி. அதற்குள் முன்னால் நிற்கும் ஐந்து பேர் சுவராக நிற்க வேண்டும். எதிரணித் தடுப்பு எந்த வகை என்று கண் கண்டுபிடிக்க வேண்டும். நாலைந்து பேர் நாலைந்து பக்கம் ஓடுகிறார்கள், அதில் யாருக்குப் போடுவது என்று முடிவெடுக்க வேண்டும். அவர் இப்போது இருக்கும் இடத்துக்குப் போட்டால் வீண், இன்னும் ஒரு நொடியில் எங்கே இருப்பாரோ அங்கே போட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் கை. பிறகு பந்தைப் பிடிக்கும் ரிசீவரின் கை. அவர் நழுவவிட்டாலும், யாரும் இல்லையென்று குவார்ட்டர்பேக்கே பந்தை வேண்டுமென்று வெளியே எறிந்தாலும், கணக்கு இவர் பெயரில்தான் ஏறும். ஏழு யார்டு தள்ளி நிற்பவருக்குப் போடுவதும் நாற்பது யார்டு தள்ளி ஓடுபவருக்குப் போடுவதும் அந்தக் கணக்கில் ஒன்றேதான். ஆலன் முதல் வருஷத்தில் நாற்பது யார்டு ஆசாமி. பக்கத்தில் ஆள் சும்மா நிற்கும்போதுகூட தூரத்தைத்தான் பார்ப்பார். பலசாலிகளுக்கு இந்த வியாதி உண்டு. கல்யாண வீட்டில் ஒரே ஆளாக அண்டாவைத் தூக்கப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி.

சுற்றி இருந்தவர்களையும் பாருங்கள். வயோமிங்கில் 2016க்குப் பிறகு அவருடைய முக்கிய ஓட்டக்காரர் பிரையன் ஹில், ரிசீவர் டேனர் ஜென்ட்ரி, சென்டர் சேஸ் ரூலியே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். பஃபலோவுக்கு வந்தால் அங்கே அதைவிட மோசம். பல வருஷமாக ஆடிய சென்டர் எரிக் வுட் கழுத்துக் காயத்தால் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அதே முன்வரிசையில் நின்ற கார்டி க்ளென்னை அணியே வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. ரிச்சி இன்காக்னிட்டோவும் இல்லை. சுவர் எழுப்ப வேண்டிய இடத்தில் தட்டி கட்டியிருந்தார்கள். அந்த வருஷம் அணியிலேயே அதிக தூரம் ஓடியவர் குவார்ட்டர்பேக்தான், 631 யார்டு. ஏன் ஓடினார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

2019இல் மிச் மோர்ஸ் சென்டராக வந்தார். கோல் பீஸ்லி, ஜான் பிரவுன் என்று இரண்டு ரிசீவர்கள். பீஸ்லி குட்டையான ஆள், கிட்டத்தில் வெட்டி வெட்டித் திரும்பிக் காலியிடத்தில் நிற்கத் தெரிந்தவர். ஆலனுக்கு அதுதான் மருந்து. கணக்கு 58.8க்கு வந்தது. இன்னும் சராசரிக்குக் கீழேதான். பிளே ஆஃபில் ஹூஸ்டனிடம் 16–0 என்று முன்னால் இருந்து, கூடுதல் நேரத்தில் 22–19 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தின் கடைசியில், பிடிபட்டுக் கீழே விழும்போது, தலைக்கு மேலே பின்பக்கமாக டாசன் நாக்ஸுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டார் பாருங்கள், பெஞ்சில் இருந்தவர்களுக்கு மூச்சே நின்றிருக்கும்.

சரி, 2020. உங்கள் மகன் எடுத்துக்காட்டுவது இந்த வருஷத்தைத்தான் என்று நினைக்கிறேன். 69.2 சதவீதம். 4,544 யார்டு, 37 டச்டவுன் பாஸ். இரண்டே வருஷத்தில் பதினாறு புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறார். இப்படி ஏறுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

இதில் கையின் பங்கு எவ்வளவு? இருக்கிறது. ஆனால் வேலை நடந்தது கையில் இல்லை. முன்னாள் குவார்ட்டர்பேக் ஜோர்டன் பாமர் ஆட்டமில்லாத மாதங்களில் அவருக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தார். உடலசைவை முப்பரிமாணத்தில் பதிவுசெய்து, வீசும்போது இடுப்பு, தோள், கை எந்த வரிசையில் எந்த நேரத்தில் திரும்புகின்றன என்று அளந்து பார்த்தார்கள். நம் ஊரில் மாங்காய்க்குக் கல் எறிந்த யாரும் இதைப் புரிந்துகொள்வார்கள். அந்தக் கல்லைக் கை மட்டும் எறிவதில்லை. பின்காலில் ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் தொடர்ந்து, கை கடைசியில் வருகிறது. வரிசை கொஞ்சம் கலைந்தாலும் கல் கொம்பில் பட்டுத் திரும்பும். கையில் அளவுக்கு மீறிய பலம் இருப்பவருக்கு இதில் ஒரு கெடுதல் உண்டு. கால் சரியாக ஊன்றாவிட்டாலும் கையே இழுத்துச் சமாளித்துவிடும், பந்து எப்படியோ தூரம் போய்விடும். அதனால் தப்பு தெரியாது. சின்ன ஊர்ப் பள்ளியில், எதிரே நிற்பவர்களும் சாதாரணமானவர்களாக இருந்தால், இன்னும் தெரியாது. ஆலன் கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற விவசாய ஊரில் வளர்ந்தவர். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் உதவித்தொகை தரவில்லை. பக்கத்தில் ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போனார், அங்கிருந்து ஊர் ஊராகப் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பித்தான் வயோமிங் கிடைத்தது. சின்ன வயதிலிருந்தே முகாம் முகாமாகப் போய்க் காலடியைத் திருத்திக்கொண்டு வந்த பையன்களோடு ஒப்பிட்டால், இவருக்குத் திருத்த இடம் நிறைய மிச்சமிருந்தது. ஆலன் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். 56 என்ற எண் ஒருவரின் உச்சவரம்பாகவும் இருக்கலாம், யாரும் இன்னும் கை வைக்காத வீடாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதே 2020 மார்ச்சில் மினசோட்டாவிலிருந்து ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்தார். முதல் வருஷத்திலேயே 127 பந்து பிடித்தார், 1,535 யார்டு, இரண்டிலும் லீக்கில் முதலிடம். (அவருக்குப் பதிலாகக் கொடுத்த டிராஃப்ட் இடத்தில் மினசோட்டா எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. இரண்டு பக்கமும் லாபம் பார்த்த வியாபாரம் விளையாட்டில் அபூர்வம்.) தாக்குதல் திட்டம் வகுத்த பிரையன் டேபால் ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தி, முதல் டவுனிலேயே வீசவிட்டார். எதிரணி எப்படி நிற்கிறது என்பது பந்து வருவதற்கு முன்னாலேயே ஆலனுக்குக் கொஞ்சம் தெரிந்துவிடும். அவசரம் குறைந்தால் கால் தானாக ஊன்றும். இதில் எது கணக்கை எவ்வளவு ஏற்றியது என்று யாராவது பிரித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அந்த 69 நிற்கவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் 63.3. 2023இல் 66.5, ஆனால் அந்த வருஷம் 18 இன்டர்செப்ஷன். 2024இல் 63.6, லீக் சராசரிக்குக் கொஞ்சம் கீழே. அந்த வருஷம்தான் அவருக்கு லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. இன்டர்செப்ஷன் ஆறுதான், ஓடி எடுத்த டச்டவுன் பன்னிரண்டு, வருஷம் முழுக்க அவரைப் பந்தோடு பிடித்து வீழ்த்தியது பதினான்கே முறை. எந்த எண்ணை வைத்து அவரை வேண்டாம் என்றார்களோ அந்த எண்ணில் அவர் விருது வாங்கிய வருஷத்திலும் நடுத்தரம்தான்.

ஒரு வீச்சை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரி 15, நியூ இங்லண்ட் பேட்ரியட்ஸுடன் பிளே ஆஃப், பஃபலோவில். உறைபனிக்கும் வெகு கீழே, விளையாடுபவர்களின் வாயிலிருந்து புகை வருகிற குளிர். நீங்களே மைதானத்தில் இருந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆலன் வலது பக்கம் ஓடுகிறார், யாரும் காலியாக இல்லை, கோட்டை நெருங்கிவிட்டார், ஓடிக்கொண்டே பந்தை உயரே எறிகிறார். எண்ட் ஸோனின் பின்மூலையில் நாக்ஸ் எம்பிப் பிடித்துக் கால் ஊன்றினார். டச்டவுன். பந்து போன இடத்தில் நாக்ஸ் கையைத் தவிர வேறு எந்தக் கையும் தொட்டிருக்க முடியாது. அதைப் பார்த்து ‘இதுவல்லவா துல்லியம்’ என்று நான் சோபாவிலிருந்து எழுந்தேவிட்டேன். ஆட்டம் முடிந்து ஆலனே சொன்னார், அந்தப் பந்தை வெளியே எறியத்தான் பார்த்தாராம். அன்று பில்ஸ் அடுத்தடுத்து ஏழு முறை பந்து கிடைத்து ஏழு முறையும் டச்டவுன் எடுத்து 47–17 என்று ஜெயித்தார்கள். அதில் ஆலனின் வீச்சு 25க்கு 21. மயாமியில் க்ளேக்கு முன்னால் இறங்கிய பந்தும் கணக்கில் ஒன்று, இதுவும் ஒன்று.

உங்கள் பையன் விஷயம். பயிற்சியாளர் சொல்வது முழுப் பொய்யில்லை. அவர் நாற்பது பிள்ளைகளைப் பார்க்கிறார், அவருக்கு மூன்று வருஷம் காத்திருக்க நேரமில்லை. பஃபலோவுக்கு இருந்தது, அதுவும் ஏழாவது இடத்துக்காகக் கொட்டிக் கொடுத்ததால். ஆலனைக் காட்டிச் சண்டை போடுவதால் ஒன்றும் ஆகாது, அவர் லாக்கரைக் காட்டுவார். அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமை மைதானத்துக்குப் போய், ஐம்பது பந்து போடச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் எடுங்கள். பந்தை எடுக்காதீர்கள், இடுப்பையும் கால்களையும் எடுங்கள். தப்பும் பந்தெல்லாம் ஒரே பக்கம் தப்புகிறதா, திசைக்கு ஒன்றாகத் தப்புகிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம் என்றால் காலில் ஏதோ இருக்கிறது, திருத்த வழி உண்டு. சும்மா நிற்பவருக்கு நேராகப் போட்டுவிட்டு, ஆட்டத்தில் மட்டும் தப்பினால் அது கையின் பிரச்சினையே இல்லை. அந்தத் தாளோடு பயிற்சியாளரிடம் போங்கள். பெரும்பாலும் காது கொடுப்பார்.

வீடியோவை எனக்கு அனுப்ப வேண்டாம். நான் 2018இல் என்ன சொன்னேன் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.