மேடையில் வலப்புறம் என்றால் யாருடைய வலப்புறம்?

கேள்வி: முதன்முறையாக ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். ‘வலப்புறமிருந்து வருகிறான்’, ‘பின்னால் செல்கிறாள்’ என்ற குறிப்புகளை நடிகர்கள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒளியமைப்பாளரோ விங்ஸ், ஏப்ரன், சைக்ளோரமா என்கிறார். அரங்கின் பகுதிகளைக் குறிக்க எந்தச் சொற்களைப் பயன்படுத்த வேண்டும்?

பதில்: முதலில் திசைகளைத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஒத்திகையில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. மேடையில் வலமும் இடமும் பார்வையாளர்களை நோக்கி நிற்கும் நடிகருடையவை. எதிரே அமர்ந்திருக்கும் இயக்குநர்தான் மனத்துக்குள் திருப்பிக்கொள்ள வேண்டுமே தவிர, நகர்ந்துகொண்டே வசனம் பேசும் நடிகர் அல்லர். ‘மேடை இடம்’ என்று சுருக்கி எழுதாதீர்கள். அது வெறும் இடத்தைக் குறிப்பதாகவும் படிக்கப்படும். ‘மேடை இடப்புறம்’ என்றே முழுமையாக எழுதுங்கள்.

பார்வையாளர்களுக்கு அருகிலுள்ள பகுதி முன்மேடை, தொலைவிலுள்ளது பின்மேடை. இவற்றை டவுன்ஸ்டேஜ், அப்ஸ்டேஜ் என்று சொல்வதற்குக் காரணம், மறுமலர்ச்சிக் கால இத்தாலிய அரங்குகளில் தூரக்காட்சி ஓவியங்களுக்கு ஏற்ப மேடைத் தளம் பின்னோக்கி உயர்ந்து சென்றதுதான். இன்று பெரும்பாலும் மேடை சமதளமாகிவிட்டது. இருக்கைகள்தாம் சரிவில் இருக்கின்றன. உங்கள் குறிப்பிலுள்ள ‘பின்னால்’ என்ற சொல் பின்மேடையையும், பின்திரைக்கு அப்பாலுள்ள மறைவிடத்தையும், இன்னொரு நடிகரின் முதுகுப்புறத்தையும் ஒருங்கே குறிக்கக்கூடியது. ‘மாலா பின்மேடை இடப்புறத்திலுள்ள சன்னலுக்குச் செல்கிறாள்’ என்று எழுதினால் நடிகைக்கும் ஒளியமைப்பாளருக்கும் ஒரே புள்ளி கிடைத்துவிடும்.

மேடையைப் படச்சட்டம்போல் சூழ்ந்து நிற்கும் முகப்பு வளைவுக்கு புரொசீனியம் என்று பெயர். அதற்கு முன்னே பார்வையாளர் பக்கம் நீண்டிருக்கும் தளமே ஏப்ரன். வளைவை ஒட்டி உள்ளே முன்திரை இருக்கும். திரையைப் பற்றிய குறிப்பில் அது எவ்வாறு இயங்குகிறது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. ஒரு பக்கமாக இழுக்கப்படுவது, இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது, மேலிருந்து இறங்குவது என்ற வேறுபாடு பழையதுதான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை கூறும் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி ஆகியவற்றுக்கு உரைகாரர்கள் தரும் விளக்கமும் இதுவே. தீத்தடுப்புத் திரை இவற்றிலிருந்து வேறானது. லண்டனின் டிரூரி லேன் அரங்கில் 1794-இல் இரும்பாலான அத்தகைய திரை பொருத்தப்பட்டது. இருந்தும் 1809-இல் அந்த அரங்கம் எரிந்தே போனது.

விங்ஸ் என்பது மேடையின் இரு ஓரங்களிலும் நடிகர்கள் காத்திருக்கும் மறைவான இடம். அதை மறைக்கும் பக்கத் தட்டிகளையும் அதே பெயரால் அழைப்பதால், ‘விங்கை நகர்த்து’ என்றால் தட்டியை, ‘விங்கில் நில்’ என்றால் இடத்தை என்று கொள்ள வேண்டும். அங்கே நிற்பவருக்கு ஒரு சோதனை உண்டு: முன்வரிசையின் ஓர இருக்கை உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால், அதில் அமர்ந்திருப்பவருக்கு நீங்களும் தெரிகிறீர்கள். மேலே விளக்குகளையும் கயிறுகளையும் மறைக்கும் குறுக்குத் துணி பார்டர். விளக்குகளும் திரைகளும் தொங்கும் குழாய் பேட்டன். சைக்ளோரமா என்பது பின்மேடையின் கடைசியில் சுருக்கமின்றி இழுத்துக் கட்டிய வெளிர்நிறத் துணி. வானமும் அந்தியும் அதன்மீது ஒளியால் உருவாக்கப்படுவதால், அதன் பின்னே கடந்து செல்பவரின் தோள் உரசினால்கூட வானம் அசைந்துவிடும்.

இந்தக் கலைச்சொற்களுக்கெல்லாம் அவசர அவசரமாகத் தமிழாக்கம் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒத்திகையில் வழங்கும் சொல்லையே எழுத்திலும் பயன்படுத்தினால் ஆபத்தில்லை. பேட்டன் இறங்கும்போது எச்சரிக்கை ஒரே சொல்லில், எல்லோருக்கும் புரியும்படி ஒலிக்க வேண்டும். பார்வையாளர்கள் சுற்றிலும் அமரும் வட்ட அரங்கில் முன், பின், வலம், இடம் எதுவுமே செல்லாது. அங்கே கடிகார எண்களைக் கொண்டு ‘மூன்று மணி வாயில்’ என்பதுபோல் குறிக்கலாம்.

உங்கள் பிரதியின் முதல் பக்கத்தில் மேடையின் தள வரைபடம் ஒன்றைச் சேருங்கள். பார்வையாளர்களைத் தாளின் அடிப்பகுதியில் வரைவதே வழக்கம். அப்போது மேடை வலப்புறம் தாளின் இடப்பக்கத்தில் விழும் என்பதால், இரு ஓரங்களிலும் அந்தந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.